ஜஹபர் நிஷா படித்துக் காட்டிய தாள்

ஜஹபர் நிஷா ஜாக்கெட் தைக்கிறவள். பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மார்பளவு மதில் ஒன்றுதான். என்னைவிட ஒன்பது வயசு சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் பெயர் அஞ்சலாட்சி. மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுக்கிறேன். எழுத்து தெரியாது. முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு வந்த தாள் எல்லாவற்றையும் நிஷா கண்ணால்தான் பார்த்தேன். இப்போது மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண் சிந்துஜாவை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். நிஷாவைப் பற்றி ஒருவரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

முதலில் அவள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அத்தா பட்டாளத்துக்காரர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் சட்டை தைத்தவர். கணக்கான கை. அந்தக் கை நிஷாவுக்கும் வந்தது. அளவு கொடுக்க வருகிற பொம்பளைகள் ஒருத்தி விடாமல் கேட்கிற கேள்வி, "நிஷா, நான் பெருத்துட்டேனா?" நிஷா டேப்பைச் சுற்றுவாள், குனிந்து பார்ப்பாள், "போன வருஷ அளவேதான்" என்பாள். நோட்டில் நிஜமான அளவை எழுதிக்கொள்வாள். ரெண்டு விரல் தாராளமாக வைத்துத் தைத்துவிடுவாள். போட்டுப் பார்க்கிறவள் சந்தோஷமாகப் போவாள். எங்கள் தெருப் பொம்பளைகள் எல்லாரும் இருபது வருஷமாக உடம்பு ஏறவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு சிரிப்பேன்.

"ஏண்டி இப்படிப் புளுகற?"

"கேக்கறது அளவா அக்கா? ஆறுதல் கேக்கறாங்க. குடுக்கறேன்."

"எனக்கு?"

"உனக்கு மட்டும் நிஜம் சொல்லுவேன். இடுப்புல ஒரு இஞ்ச் ஏறிட்ட."

நான் அதை நம்பினேன். ஊருக்கு ஒரு நிஷா, எனக்கு ஒரு நிஷா என்று.

நிஷாவின் கணவர் லாரி மெக்கானிக். சின்ன வயசிலேயே போய்விட்டார். ஒரே மகன் ஸாகிப்பைத் தைத்துத் தைத்தே வளர்த்துக் குவைத்துக்கு அனுப்பினாள். சிக்குன்குனியாவில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தபோதுகூட அவனிடம் போனில், "பிரியாணி ஆக்கிட்டு இருக்கேண்டா, அப்புறம் பேசு" என்றாள். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றவள் நான். அப்போதும் சிரித்தேன். எத்தனை தடவை என் கண் முன்னால் காட்டியிருக்கிறாள் பாருங்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு எல்லாம் வாசிப்பாள். கோன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தால், சொல்தா வீட்டுக் கிழவிகள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்போம். என் அப்பாவும் சொல்தாதான்.

இதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். நான் வயிற்றில் இருக்கும்போது அப்பா கப்பல் ஏறி சைகோன் சண்டைக்குப் போனார். நான் பிறந்து ஏழாம் மாசம் ஒரு தாள் வந்தது. தெருக்கோடியில் ஒரு குமாஸ்தா இருந்தார், நல்ல மனுஷர், பிரெஞ்சு தெரிந்தவர். தாளைப் பார்த்தார். கைக்குழந்தையோடு நின்ற பதினெட்டு வயசுப் பெண்ணையும் பார்த்தார். "சௌக்கியமா இருக்கானாம், வர நாளாகுமாம்" என்று படித்தார். அப்பா செத்துப்போன சேதி அது. பதினோரு மாசம் அம்மா பொட்டு வைத்து, பூ வைத்து, கப்பல் வரும்போதெல்லாம் என்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் போய் நின்றாள். ஊர் திரும்பின வேறொரு சொல்தா அவளைப் பார்த்துத் திகைத்துப்போய், "உனக்கு இன்னுமா யாரும் சொல்லல?" என்று கேட்டான். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாளாம்.

குமாஸ்தாவை அம்மா ஒருநாளும் திட்டியதில்லை. என்னிடம் மட்டும் சொல்லிவைத்தாள்: "எந்தத் தாளா இருந்தாலும் ஒருத்தர் படிச்சா நம்பாத."

அதனால் என் வீட்டில் ஒரு வழக்கம். கைநாட்டு வைக்க ஒரு தாள் வந்தால் ஒருத்தர் படிக்க வேண்டும். அவரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருத்தரைக் கூப்பிடுவேன். முன்னவர் படித்தது என்ன என்று அவருக்குச் சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தால்தான் என் கட்டைவிரல் மையைத் தொடும். மீன் செதிலும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகை பாதி போய்விட்டது. பேங்க் மெஷின் என்னை யார் என்று கேட்கும். ஆனால் தாளில் வைத்தால் விழும். ஒரு தடவை வங்கி ஆபீசரையே வாசலில் நிறுத்திவிட்டு நிஷாவைக் கூப்பிட்டேன். அந்த ரெண்டாவது ஆள் எப்போதும் நிஷாதான்.

என் மகள் டெங்குக் காய்ச்சலில் போனபோது அவள் குழந்தை சுடர்விழிக்கு நாலு வயசு. அப்பன்காரன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு கடலூரோடு நின்றுவிட்டான். நான் மார்க்கெட்டில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளை நிஷாவின் மெஷினுக்குக் கீழே துணித் துண்டுகளோடுதான் வளர்ந்தது. பிள்ளைக்கு நான் ஆயா, அவள் நிஷாம்மா. எதற்கும் நான் தடை சொன்னதில்லை. தண்ணீர் ஒன்றைத் தவிர. ஏழு வயசில் கடற்கரையில் முழங்கால் வரைக்கும் இறங்கினாள். ஜடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தேன். வலியில் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அதற்குப் பிறகு இறங்கவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாது.

அப்படிப்பட்டவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்து சொல்கிறாள், "ஆயா, நான் நேவியில சேரப் போறேன். இப்ப பொண்ணுங்களையும் எடுக்கறாங்க."

"நம்ம வீட்ல ஒருத்தர் கப்பல் ஏறினது போதும்."

"அது சண்டைக் காலம் ஆயா. அதுவும் பிரெஞ்சுக்காரனுக்காக."

"தண்ணிக்கு யாரு சண்டைன்னு தெரியுமா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள். நானும் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அவளே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரி ஆயா, காலேஜே போறேன்" என்றாள். என் பிடிவாதத்தில் பாதியாவது அவளுக்கு இருக்கும். நாலு நாளில் இறங்கி வந்துவிட்டாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சங்கரா மீன் வறுத்தேன்.

அப்புறம் பரீட்சை என்று ரெண்டு தடவை சென்னைக்குப் போனாள். துணைக்கு நிஷா போனாள். அதன் பிறகு ஒருநாள் காலையில் பிள்ளை ஒரு தாளை நீட்டினாள். சென்னையில் காலேஜ் கிடைத்துவிட்டதாம், விடுதியில் தங்கிப் படிக்க வீட்டுப் பெரியவர் சம்மதம் வேண்டுமாம். படிக்கச் சொன்னேன். "என் பேத்தி விடுதியில் தங்கிப் படிக்க எனக்குச் சம்மதம்" என்று படித்தாள். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு மதிலுக்கு மேல் நிஷாவைக் கூப்பிட்டேன். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே வந்தாள். தாளை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாடி, எழுத்து தெரியலையா?"

"தெரியுது அக்கா. பேத்தி விடுதியில தங்கிப் படிக்க எனக்குச் சம்மதம்னு போட்டிருக்கு."

ஊசியைக் கவ்விக்கொண்டு படித்ததால் குரல் எப்படி இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. மை டப்பாவையும் அவள் வீட்டிலிருந்தே எடுத்து வந்தாள். வைத்தேன்.

போகிற அன்றைக்குப் பிள்ளை என் காலில் விழுந்தாள். எழவே இல்லை. காலேஜுக்குப் போகிறதுக்கு இவ்வளவு அழுகையா என்று தலையில் தட்டி அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து மார்க்கெட்டில் கன்னியம்மாள் வந்து வஞ்சிரம் அரியக் கொடுத்தாள். அவள் மகளும் சுடர்விழியும் ஒன்றாகப் படித்தவர்கள். "வறுவலுக்குப் போடு ஆயா" என்று சொல்லிவிட்டு, "தைரியந்தான் உனக்கு. ஒத்தைப் பேத்தியை நேவிக்கு அனுப்பிட்டு ஜம்முனு உக்காந்திருக்க. ஒடிசாவுல ட்ரெய்னிங்காமே, வாட்ஸப்பில போட்டோ பார்த்தேன்" என்றாள்.

கை பாட்டுக்கு வேலை செய்தது. கன்னியம்மாள்தான், "ஆயா, வறுவலுக்குன்னு சொன்னனே" என்றாள். பார்த்தால் முழு மீனையும் குழம்புத் துண்டாகப் போட்டு வைத்திருக்கிறேன். நாற்பது வருஷத்தில் அப்படி நான் தப்பாக அரிந்ததில்லை.

கையைக்கூடக் கழுவாமல் நிஷா வீட்டுக்குப் போனேன். மெஷினில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் காலை எடுத்தாள்.

"அன்னிக்கு இன்னா படிச்ச?"

"அக்கா, உக்காரு."

"நான் நிக்கறேன். நீ சொல்லு. அந்தத் தாள்ல இன்னா போட்டிருந்துது?"

கொஞ்ச நேரம் துணியை மடித்தாள். மடித்த துணியையே திரும்ப மடித்தாள். "சம்மதம்னுதான் போட்டிருந்துது. அது பொய் இல்ல. அவளுக்குப் பதினெட்டு முடிய ரெண்டு மாசம் இருந்துது. பெரியவங்க சம்மதம் இல்லாம எடுக்க மாட்டாங்க. எங்கன்ற இடத்தை மட்டும்தான் மாத்திப் படிச்சேன்."

"இடத்தை மட்டும்."

"அந்தப் பொண்ணு என் மடியில விழுந்து அழுதுது அக்கா. ரெண்டு மாசம் பொறுத்தா ஆள் எடுக்கறது முடிஞ்சிடும், இந்த வருஷம் விட்டா என்னால முடியாதுன்னுது. நீ ஒத்துக்க மாட்ட. நான் இன்னா பண்றது?"

"படிக்கறது. எழுதியிருக்கறதைப் படிக்கறது. அதுக்குத்தான உன்னைக் கூப்பிட்டேன்?"

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"குமாஸ்தாவும் அதைத்தான் நினைச்சான்."

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை. அவள் முகம் வெளுத்துப்போனது. நான் வந்துவிட்டேன். பிள்ளை செய்ததை மன்னித்தாலும் மன்னிப்பேன், பதினேழு வயசு, தலையில் கொம்பு முளைக்கிற வயசு. இவளுக்கு அறுபத்திரண்டு. என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவள் இவள்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. மதிலுக்கு மேல் குழம்புக் கிண்ணம் போவதும் வருவதும் நின்றது. பேத்தி என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் போன் கொடுப்பார்களாம். எனக்கு எண் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்பும் பச்சையும் தெரியும். சிவப்பை அழுத்தினேன். அடுத்த ஞாயிறும் சிவப்பு. மூன்றாம் ஞாயிற்றிலிருந்து அவள் நிஷாவுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.

நிஷா என்ன செய்வாள் தெரியுமா? போனை எடுத்துக்கொண்டு மதில் ஓரம் வந்துவிடுவாள். பிள்ளை அந்தப் பக்கம் சொல்வதையெல்லாம் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். "அப்படியா கண்ணு? காலையில நாலரைக்கே எழுப்பறாங்களா? சப்பாத்தியா? நல்லா இருக்கா? கொப்புளம் ஆறிடுச்சா? பரேடுல முன் வரிசையா? நீச்சல் அடிக்கறியா? மீன் மாதிரி அடிக்கறியா, பலே!" அவள் எனக்காகக் கத்துகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான் இந்தப் பக்கம் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்லே இல்லாத அரிசியில் அரை மணி நேரம் கல் பொறுக்குவேன்.

கோபம் ஒருபக்கம் இருந்தாலும் வாரம் முழுக்க அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். யாராவது கேட்டால், "முன் வரிசையில நிக்கறாளாம்" என்பேன். மார்க்கெட்டில், "நீச்சல்ல மீன் மாதிரியாம்" என்று சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது, மீன் அரிகிறவள் பேத்திதானே என்று. அப்படிப் பத்து வாரம் போனது.

பதினோராம் வாரம் தபால்காரர் வந்து, "ஆயா, உங்க பேருக்குக் கடுதாசி" என்றார். என் பேருக்குக் கடுதாசி வந்து எத்தனை காலம் ஆயிற்று. மதிலைத் திரும்பிப் பார்த்தேன். நிஷா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. நான் அவளைக் கூப்பிடாமல் மாடிக்குப் போனேன். சிந்துஜா படித்தாள். அதை வாங்கிக்கொண்டு மெடிக்கல் ஷாப் எழிலரசனிடம் போனேன். அவரும் படித்தார். ரெண்டும் ஒன்றாகவே இருந்தது.

"ஆயா, நான் நீச்சல் டெஸ்ட்ல ரெண்டு தடவை ஃபெயில். நிஷாம்மா சொல்லியிருப்பாங்க. போன மாசமே அவங்ககிட்ட சொல்லிட்டேன். மூணாவது தடவையும் ஆகலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓட்டம், பரேடு எல்லாம் நல்லா பண்றேன். தண்ணி மார்புக்கு வந்ததும் நீ கத்தற மாதிரி கேக்குது. நீ ஜடையைப் பிடிச்சு இழுத்தியே, அந்த இடத்துல வலிக்குது. ஜடையை இங்க வந்ததும் வெட்டிட்டேன். ஆனாலும் வலிக்குது. புதன்கிழமை கடைசி டெஸ்ட். ஞாயித்துக்கிழமை உனக்கே கூப்பிடறேன், நீ ஒரு தடவை போனை எடு ஆயா. இறங்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொல்லலன்னா பரவாயில்ல, நான் பண்ணினது தப்பு."

எழிலரசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடிக்கறீங்களா ஆயா" என்றார். தண்ணீரா என்றேன்.

நேராக மதிலுக்குப் போனேன். மூணு மாசத்தில் முதல் தடவையாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவசரமாக ஓடி வந்தாள் பாவி, சமாதானம் என்று நினைத்துக்கொண்டு.

"மீன் மாதிரி நீந்தறாளா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ அந்தப் பக்கம் அழுதிருக்கா. நீ இந்தப் பக்கம் பலேன்னு கத்தியிருக்க."

"உனக்குத் தெரிஞ்சா தூங்க மாட்ட அக்கா."

"நீ தூங்கினியா?"

"இல்ல."

"அழுதியா?"

"அழுதேன்."

"என் பேத்திக்கு அழற அழுகையைக்கூட நீயே அழுதுக்கிட்டா எனக்கு இன்னாடி மிச்சம்? முதல்ல கையை எடுத்துக்கிட்ட. இப்ப காதையும் எடுத்துக்கிட்டியா?"

முந்தானையில் குத்தியிருந்த குண்டூசியைத் திருகிக்கொண்டே நின்றாள். ரத்தம் வந்திருக்கும்.

கடுதாசி வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு வரைக்கும் ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். போன் அடிக்கும்போது முன்பு போலச் சிவப்பை அழுத்தினால் போதும். புதன்கிழமை அவள் தண்ணீரில் நிற்பாள், பயப்படுவாள், ஏறிவிடுவாள். மறுவாரம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். என்னை ஏமாற்றிக்கொண்டு போனவள் தானாகத் திரும்பி வருவாள். சங்கரா வறுத்துப் போடலாம். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவர்கள் ரெண்டு பேரும் பேசியே செய்ததை நான் பேசாமலே செய்துவிடலாம்.

சனிக்கிழமை மார்க்கெட்டில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன் நிறைய வந்திருந்தது. அரிந்துகொண்டே இருந்தேன். மனசு மட்டும் அங்கே ஏதோ குளத்து ஓரத்தில் நின்றது. அம்மா ஞாபகம் வந்தது. அந்தப் பதினோரு மாசமும் குமாஸ்தா தினம் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கலாம். சும்மா இருந்தார். சும்மா இருப்பது சுலபம்.

ஞாயிறு நாலு மணிக்குப் போன் அடித்தது. மூணு தடவை அடிக்க விட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றுபோனது. பச்சையை அழுத்தினேன்.

"ஆயா?"

அந்தக் குரலைக் கேட்டு மூணு மாசம் ஆகியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உன்கிட்ட நான் கொஞ்ச வரல. கேட்டுக்க. நீ பண்ணினது பண்ணினதுதான். என் விரலைத் திருடிக்கிட்டுப் போயிட்ட. அந்தக் கோபம் அப்படியே இருக்கு, சீக்கிரம் போகாது."

"தெரியும் ஆயா."

"ஜடையைப் பிடிச்சு இழுத்தது நான். இப்ப விடறேன். நீ இறங்கறதுக்கு எனக்குச் சம்மதம். இந்தத் தடவை வாயால சொல்றேன், எவளும் எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம். இறங்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இன்னொரு தடவை சொல்லு ஆயா."

"இறங்கு. சப்பாத்தி ஒழுங்கா துண்ணு. வெச்சிடு, அடுத்தவங்களுக்குப் போன் வேணாமா."

வைத்த பிறகு முறத்தைத் தேடினேன். அன்றைக்கு எடுத்து வைக்கவே இல்லை.

புதன்கிழமை நான் கடை போடவில்லை. மறுநாள் நிஷா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "பாஸாயிட்டா அக்கா, மெசேஜ் வந்திருக்கு" என்றாள். நான் நம்பவில்லை. அந்தப் போனையே வாங்கிக்கொண்டு போய்ச் சிந்துஜாவிடம் காட்டினேன், எழிலரசனிடம் காட்டினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது நிஷா, "நான் சொன்னதும் ஒத்துப்போச்சா?" என்று கேட்டாள். இடக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். "இந்தத் தடவை ஒத்துப்போச்சு" என்றேன்.

போன வாரம் இன்னொரு கடுதாசி வந்தது. பயிற்சி முடிகிற அணிவகுப்புக்கு வீட்டிலிருந்து ரெண்டு பேர் வரலாமாம். பேத்தி என் பேரையும் நிஷா பேரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதலில் சிந்துஜா முழுதும் படித்தாள். எழிலரசன் மகள் கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போயிருந்தார், ஷாப் பூட்டிக் கிடந்தது. ரெண்டாவது ஆள் இல்லை. ஒருநாள் பொறுத்தேன். ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாள் கடுதாசியை மதிலுக்கு மேல் நீட்டினேன்.

"படி. வாயில ஊசி இருந்தா துப்பிட்டுப் படி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நிதானமாகப் படித்தாள். எந்த ரயில், எங்கே இறங்குவது, ஆதார் அட்டை எடுத்து வருவது, வெள்ளைச் சட்டையில் பேத்தி எத்தனையாவது வரிசையில் நிற்பாள் என்பது எல்லாம் சிந்துஜா படித்த மாதிரியே வந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கண் ஓரிடத்தில் நின்றது. நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "பரேடு முடிஞ்சு உங்களோட வீட்டுக்கு வர முடியாது ஆயா. லீவு இல்ல. அங்கிருந்து நேரா விசாகப்பட்டினம், அப்புறம் கப்பல்தான். எப்ப வருவேன்னு தெரியல."

நிஷாவின் கண் அதைத் தாண்டியது. "பத்திரமா வாங்க, இப்படிக்கு சுடர்விழி" என்று முடித்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன். நம்மளோடவே வந்துடுவா, பாரு." இதைத் தாளில் இல்லாமல் அவளாகச் சேர்த்தாள்.

நான் கடுதாசியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். சிந்துஜா படித்துவிட்டாள், எனக்கு எல்லாம் தெரியும் என்று முகத்தில் அடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ரயிலில் ரெண்டு நாள் பக்கத்தில் உட்கார வேண்டியவள். பேத்திக்கு மெஷின் அடியில் படுக்கை போட்டவள். விட்டுவிட்டேன். அவளிடம் சொல்லாமல் நான் வைத்திருக்கிற முதல் சேதி இதுதான்.

நான் முறைத்துக்கொண்டு போய்விடுவேனோ என்று அவளுக்குப் பயம் போல. "அக்கா, அங்க போட்டுக்கப் புது ஜாக்கெட் தைக்கறேன், நில்லு" என்று டேப்பை எடுத்துக்கொண்டு கதவைச் சுற்றி வந்துவிட்டாள். நின்றேன். மார்பைச் சுற்றினாள், குனிந்து பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"இன்னா, இளைச்சுட்டேனா?"

"இல்லக்கா. அதே அளவுதான்."

நோட்டில் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. நேற்று ஜாக்கெட் வந்தது. போட்டுப் பார்த்தேன், கையும் முதுகும் பிசகில்லாமல் கச்சிதமாக நின்றது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, போன வருஷம் அவள் தைத்துக் கொடுத்தபோது இதே மாதிரி கச்சிதமாக நின்ற பழைய ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல் தாராளமாக நுழைந்தது.